மோத்தா பாரில் இறங்கிய பெட்டிகள்

அன்று காலை சலங்குத்துறைத் தண்ணீர்ச் சபைக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தலைமை நாற்காலியில் ஹெர்மினா கர்வாலோ. அவருக்கு வலப்பக்கம் சபைச் செயலாளர் ரெமிஜியூஸ். எதிரே, கடலடியில் கிணறு துளைக்கும் பொறியாளர் ஆவுடையப்பன். அவருக்கு அடுத்து, செம்மணல் மேட்டுத் தேரிக்காட்டு ஊர்களின் சார்பில் இசக்கியம்மாள். சுவர்த்திரை ஓரம் நின்றபடி ஹெர்மினாவின் தம்பி மகள் பெர்பெத்துவா. மோத்தா வீட்டுக்கென்று போடப்பட்ட நாற்காலி வழக்கம்போலக் காலியாக இருந்தது. வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கூட்டத்தில் தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இன்று ஊரில் பாதிப்பேர்.

சலங்குத்துறை, கடலுக்கு அடியில் இருக்கும் நன்னீரைக் குடித்து வாழும் ஊர். கரைக் கிணறுகள் எல்லாம் உப்பாகி, ஊரையே காலி செய்யுங்கள் என்று அரசாங்கம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அப்போது ஹெர்மினாவின் தம்பி கஸ்பார், படகின் பின்னால் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு போய்க் கடலடிக்குள் மின்சாரம் பாய்ச்சினார். கடல் தரையில் இறக்கி வைத்த பெட்டிகள் அந்த மின்சாரம் மண்ணுக்குள் போய்த் திரும்பி வந்ததைப் பதிந்தன. அதை வைத்துக் கணினிக்குள் கடலடியை அப்படியே கட்டி எழுப்பி, இதோ இங்கே குடிதண்ணீர் இருக்கிறது என்று காட்டினார். துளைத்தார்கள். இருந்தது. ஊர் தங்கியது. வரைபடத்தில் அதற்குக் கர்வாலோ படுகை என்று பெயர் வந்தது.

பெயர் மட்டும் வந்திருந்தால் ஹெர்மினா இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார். யாரோ எங்கோ உட்கார்ந்து போட்ட கணக்கை நம்பிப் பல ஊர்கள் அழிந்த பிறகு, அந்தக் காலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. மக்கள் குடிக்கும் தண்ணீருக்கு எந்தக் கணக்கு ஆதாரமோ, அந்தக் கணக்குக்கு அதே ஊரில் வாழும் ஒரு குடும்பம் பிணை நிற்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் வைத்து, ஊர் பார்க்க, முதல் செம்புத் தண்ணீரை அந்தக் குடும்பம் குடிக்கும். கிணறு உப்பானால் ஒரு தலைமுறைக்கு அந்தக் குடும்பம் தண்ணீர் வரிசையில் கடைசி. கெடுதல் வருமுன் தாங்களே தவறைச் சொல்லித் திருத்திக்கொண்டால் தண்டனை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அவர்கள் மறுபடி பிணை நிற்க முடியாது. கஸ்பார் இறந்த பிறகு முதல் செம்பு ஹெர்மினாவின் கையில்தான் இருந்தது. ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் நாற்காலியில் தூக்கிவரச் சொல்லிக் குடித்தார்.

"துளைக்கிற கப்பல் அடுத்த வாரம் வந்துரும் மேடம்," என்றார் ஆவுடையப்பன். "வடக்குக் கிணத்துக்கு உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போட்டீங்கன்னா தேரிக்காட்டுக்குத் தைப் பொங்கலுக்குத் தண்ணி."

ஹெர்மினா பேனாவை எடுத்தார்.

"போடாதீங்க அத்தை."

கர்வாலோ வீட்டில் பெரியவர்களை நாலு பேர் முன்னால் மறித்துப் பேசுவது வழக்கமில்லை. ஹெர்மினா பேனாவைக் கீழே வைக்காமலே தலையைத் திருப்பினார்.

"என்ன சொன்ன?"

"வடக்குல தண்ணி இல்ல அத்தை. இருக்கிற மாதிரி தெரியுது."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். "படுகை தடிச்சுக் கிடக்கிறதே வடக்குலதானம்மா. நான் சொல்லல, உங்க அப்பா கணக்கு சொல்லுது."

"அப்பா கணக்கு எப்படின்னு கேளுங்க சார். கடலடியைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டிக்கிட்டாவ. ஒவ்வொரு கட்டமும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கும்னு ஒரு எண் வச்சாவ. அப்படி இருந்தா பெட்டிக்கு என்ன கேட்டிருக்கும்னு கணினி போட்டுச் சொல்லும். நெசமா கேட்டதோட அது ஒத்துப்போற வரைக்கும் எண்ணை மாத்திக்கிட்டே போகணும். உப்புத் தண்ணி மின்சாரத்தை விட்டுரும். நல்ல தண்ணி தடுக்கும். அதனால தடுக்கிற இடமெல்லாம் நல்ல தண்ணின்னு எடுத்துக்கிட்டாவ."

"சரியாத்தான இருக்கு?" என்றார் ரெமிஜியூஸ்.

"மணலா இருந்தா சரி மாமா. வடக்குல கிடக்கிறது மணல் இல்ல, அடுக்கடுக்கான களிமண்ணுன்னு நெனக்கேன். புரோட்டா மாதிரி."

"கடலுக்கு அடியில புரோட்டா! சால்னா எங்க இருக்குன்னும் சொல்லிரு தாயி, ஆளுக்கு ரெண்டு பிச்சுப் போட்டுட்டுக் கூட்டத்தை முடிச்சிருவோம்."

"சால்னாதான் மாமா வினையே. அடுக்குக்கு நடுவுல ஊறிக் கிடக்கிறது அம்புட்டும் உப்பு. அடுக்கோட போக்குல மின்சாரம் சுகமா ஓடும். அடுக்கைத் தாண்டி மேல கீழ போகணும்னா முடியாது, முட்டிக்கிட்டு நிக்கும். அப்படி அளந்தா தடுக்குன்னு காட்டும், இப்படி அளந்தா விடுதுன்னு காட்டும். ஒரே மண்ணுக்கு ரெண்டு எண் வேணும். அப்பா வச்சது ஒண்ணு."

ரெமிஜியூஸ் சிரிப்பை நிறுத்தினார். ஹெர்மினாதான் கேட்டார்.

"உறுதியாச் சொல்லுதியா?"

"இல்ல அத்தை. ஒரு எண் வச்சாலும் அந்த அளவுகள் ஒத்துப்போவுது, ரெண்டு வச்சாலும் ஒத்துப்போவுது. எது நெசம்னு பிரிச்சுச் சொல்லணும்னா படகு போன கோட்டுக்குப் பக்கவாட்டுல பெட்டி இருந்திருக்கணும். நேர் பின்னால கிடக்கிற பெட்டி, மண்ணு மேல கீழ தடுக்கிறதைத்தான் நல்லாக் கேக்கும். படுக்கையா ஓடுறதைக் கேக்கிறது பக்கத்துல கிடக்கிற பெட்டிதான். அப்பா பக்கவாட்டுல ஒரு பெட்டிகூட வைக்கல."

"ஏன் வைக்கல?" இசக்கியம்மாள் கேட்டார். தேரிக்காட்டுக்காரர், இந்த ஊர்ப் பழங்கதை அவருக்குத் தெரியாது.

எல்லோரும் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்கள். கஸ்பாரின் பெட்டிகள் புள்ளி புள்ளியாக வரிசை கட்டி வந்து, ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாக விட்டு, வளைந்து போயின. எத்தனையோ வருடமாக அந்தச் சுவரில் எல்லோரும் பார்த்த வெள்ளைதான். பக்கவாட்டுப் பெட்டிகள் இருந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

"அது மோத்தா பார்," என்றார் ஹெர்மினா.

கடலுக்குள் சங்கு விளையும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அந்தப் பாருக்காகக் கர்வாலோ வீடும் மோத்தா வீடும் ஒரு காலத்தில் கோர்ட்டுக்குப் போயின. தீர்ப்பு மோத்தா வீட்டுக்கு ஆனது. ஹெர்மினாவின் தகப்பனார் சிரியாக்கு கர்வாலோ அன்றே கோயில் வாசலில் நின்று, இனி கர்வாலோ வீட்டுக் கயிறு அந்தப் பாரில் இறங்காது என்று ஊர் கேட்கச் சொன்னார். பிறகு அந்த வீட்டில் யாரும் அங்கே தூண்டில் போட்டதில்லை, நங்கூரம் போட்டதில்லை. கஸ்பார் பெட்டியும் போடவில்லை. ஊரே சாகக் கிடந்த நேரத்திலும் தம்பி வாக்கைக் காத்தான் என்பதில் ஹெர்மினாவுக்கு அன்றுவரை பெருமைதான்.

இசக்கியம்மாள் கதையைக் கேட்டு முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "யம்மா, உங்க வீட்டுச் சண்டை உங்களோட இருக்கட்டும். எங்க ஊர்கள்ல குழாய் போட்டாச்சு. பிள்ளைக நித்தம் திருகித் திருகிப் பாக்குது, காத்துதான் வருது. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. தண்ணி வருமா, வராதா?"

"பெர்பெத்துவா சொல்றது சரின்னா, வடக்குல தோண்டினா உப்பு வரும்," என்றார் ஹெர்மினா. "அதோட நிக்குமா?"

"நிக்காது அத்தை. இழுக்கிற இழுப்புல நம்ம இப்பக் குடிக்கிற கிணத்துலயும் உப்பு ஏறும்."

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "மேடம், நான் ஒண்ணு சொல்லுதேன். கஸ்பார் சார் பேரு எதுக்குக் கெடணும்? சத்தமில்லாம கிணத்தைத் தெக்க தள்ளிப் போட்டுருவோம். கடல் கொந்தளிப்புன்னு ஒரு காரணம் எழுதிட்டாப் போச்சு."

"தெக்க தண்ணி இருக்குன்னு எந்தக் கணக்கு சொல்லுது?"

"அதே கணக்குதான்."

"வடக்குல பொய் சொல்ற கணக்கு தெக்க வந்ததும் சத்தியம் பண்ணுமாக்கும்?" ஹெர்மினா பேனாவை மூடினார். "கூட்டம் முடிஞ்சுது. முடிவு சொல்ற வரைக்கும் கப்பல் தூத்துக்குடியிலயே நிக்கட்டும்."

வெளியே வந்து படகுத்துறையில் ஹெர்மினா முன்னால் நடந்தார். பெர்பெத்துவா ஓரடி பின்னால் வந்தாள்.

"உங்கப்பனைப் பத்திச் சொல்ல உனக்குச் சபைதான் கிடைச்சுதா? வீட்டுல சொல்லக்கூடாதா?"

"வீட்டுல சொன்னா நீங்க என்னைப் பேச விட்டிருப்பீங்களா அத்தை?"

"விட்டிருக்க மாட்டேன்," என்றார் ஹெர்மினா உடனே. அவருக்குப் பொய் வராது. பிறகு சொன்னார்: "அவன் தப்புப் பண்ணல. வாக்கைக் காத்தான்."

"வாக்கைக் காத்தாவ. அதனால கணக்குல ஓட்டை விழுந்திச்சு. ரெண்டும் நெசம். அப்பா மேல எனக்கு மட்டும் பெருமை இல்லியா?" அவள் எட்டி வந்து அத்தையோடு சேர்ந்து நடந்தாள். "நாளைக்குக் கிணறு உப்பாச்சுன்னா ஊர் அவுகளை என்ன சொல்லும்? காப்பாத்தினவருன்னா சொல்லும்?"

ஹெர்மினா நின்றார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தன் வேலைக்காலம் முழுவதும் ஒரு கப்பலைக்கூட அவர் தரை தட்ட விட்டதில்லை. அளக்காமல் வெள்ளையாக விட்ட இடத்தை ஆழம் என்று எடுத்துக்கொண்டு எந்தக் கப்பலையும் உள்ளே கொண்டுவந்ததுமில்லை. கஸ்பாரின் வரைபடத்தில் இருந்த வெள்ளையை மட்டும் இத்தனை வருடமாகப் பெருமையோடு பார்த்திருக்கிறார். அளக்காத இடம், அவ்வளவுதான் அது.

கையெழுத்துப் போடாமல் விட்டாலும் போதும், பெயர் இருக்கும், செம்பு இருக்கும். தேரிக்காடு மட்டும் காய்ந்து கிடக்கும். அளந்து பார்த்து, பெர்பெத்துவா சொன்னது மெய் என்று தெரிந்தால் செம்பு போகும். ஹெர்மினா இரண்டையும் நிறுத்துப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. தெரிந்த பிறகும் குடிக்கிற முதல் செம்பு அவருக்குத் தொண்டையில் இறங்காது.

"எங்கப்பா கோயில் வாசல்ல என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார். "கர்வாலோ வீட்டுக் கயிறு இறங்காதுன்னாரு. அவரு வார்த்தையை அளந்து பேசுறவரு. கயிறுன்னா கயிறுதான். கார் சாவியை எடு."

மோத்தா வீட்டில் கதவைத் திறந்தவர் கொன்சித்தா மோத்தா, அந்த வீட்டின் தலைக்கட்டு. கான்வென்ட்டில் ஹெர்மினாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தீர்ப்பு வந்த நாளிலிருந்து இருவரும் பேசியதில்லை.

"வழி தெரிஞ்சுதா ஏட்டி?" என்றார் கொன்சித்தா. "தெரு மறந்திருக்குமேன்னு பாத்தேன்."

"தெரு அப்படியேதான் இருக்கு. வீட்டுக்குத்தான் வெள்ளையடிக்கணும்."

"உள்ள வா. உக்காரு."

"நின்னே பேசிருதேன்."

"நின்னா முட்டி வலிக்கும். உனக்கும் என் வயசுதான்."

"உன்னைவிட இளையவ நான்."

"இதை ஸ்கூல்லயே நிறைய கேட்டாச்சு," என்று சொல்லிக் கொன்சித்தா நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். ஹெர்மினா உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. பெர்பெத்துவா கதவோரம் நின்றுகொண்டாள். ஹெர்மினா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம்பியின் கணக்கில் சந்தேகம், வடக்குக் கிணறு, பக்கவாட்டுப் பெட்டிகள், எல்லாம்.

"உங்க பாரில பெட்டி வைக்கணும். அதுக்கு உன் அனுமதி வேணும்."

கொன்சித்தா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கஸ்பார் அன்னைக்கு எங்க பாரைச் சுத்தி வளைச்சு வளைச்சுப் போனதை நான் கரையில நின்னு பாத்தேன். கிறுக்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டிருப்பேன்."

"நீ கரையில இருந்து ஒரு சத்தம் குடுத்திருந்தா அவன் கேட்டிருப்பான்."

"நான் எதுக்குட்டி குடுக்கணும்? மோத்தா வீடு கூப்பிட்டுக் குடுக்குமா?"

"கர்வாலோ வீடு போய்க் கேக்குமா?"

பெர்பெத்துவா தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

"உங்கப்பா வாக்கு என்னாச்சு?" என்றார் கொன்சித்தா.

"அது அப்படியே இருக்கும். படகு உங்களுது. கயிறு உங்களுது. இறக்குற கையும் உங்களுது. பெட்டி மட்டும் எங்களுது. எங்க கயிறு ஒரு முழம்கூட அங்க நனையாது."

கொன்சித்தா சத்தமாகச் சிரித்தார். "சிரியாக்கு மகதான் நீ, சந்தேகமே இல்ல." பிறகு சிரிப்பு அடங்கியது. "சரி, தண்ணி எங்க பாருக்கு அடியிலதான் இருக்குன்னு வந்திச்சுன்னா?"

"அப்ப எங்க வீடு பிணை நிக்க முடியாது. வேற வீடு நிக்கணும்."

"கர்வாலோ பொண்ணு போட்ட கணக்குக்கு மோத்தா வீடு பிணையா? எங்கப்பா இருந்திருந்தா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாரு."

"என்னை நம்பி நிக்காத. இவளையும் நம்பாத. உங்க வீட்டுல கணக்குத் தெரிஞ்ச ஆளை அனுப்பு. இவ பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கட்டமாப் பாக்கட்டும். சரின்னு பட்டா நில்லு."

கொன்சித்தா பெர்பெத்துவாவைப் பார்த்தார். "ஏட்டி, நீ சாப்பிட்டியா?" என்றார். அதுதான் பதில்.

கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் மோத்தா வீட்டுப் படகு மோத்தா வீட்டுக் கயிற்றில் கர்வாலோ வீட்டுப் பெட்டிகளை இறக்கியது. பாரின் எல்லைக்கு வெளியே தன் படகை நிறுத்தி, ஹெர்மினா கடைசிப் பெட்டி இறங்கும்வரை நின்றுகொண்டே பார்த்தார். மின்கம்பி இழுக்கும் படகு கஸ்பார் போன அதே கோட்டில் போய் வந்தது. மோத்தா வீட்டிலிருந்து கொன்சித்தாவின் மருமகன் வந்து பெர்பெத்துவாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்தார். சில நாளில் அவரே தூக்கமில்லாமல் எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

முடிவைச் சொல்லச் சபை கூடியபோது பெர்பெத்துவா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். வடக்கில் தடித்துக் கிடந்த படுகை புதிய படத்தில் காணோம்.

"களிமண்," என்றாள். "படுக்கையா அளந்தா மின்சாரம் தாராளமா ஓடுது. அம்புட்டும் உப்பு." விரலை வெள்ளையாக இருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். "இங்க பாருங்க. எப்படி அளந்தாலும் தடுக்கு. இது மணல், இதுதான் நல்ல தண்ணி. படுகையோட நடுவே இதுதான். நம்ம கிணத்துல இத்தனை வருஷமா வந்தது இதோட ஓரத்துத் தண்ணி."

ரெமிஜியூஸ் படத்துக்குக் கிட்டே போனார். "அப்ப நாம இவ்வளவு நாளும் குடிச்சது மோத்தா பாருக்கு அடியில இருந்த தண்ணியையா?"

"ஆமா மாமா."

"தேரிக்காட்டுக்குக் காணுமா, பத்துமா?" என்றார் இசக்கியம்மாள்.

"பாருல கிணறு போட்டாக் காணும். ஆனா அப்பா கணக்குல சொன்ன மாதிரி எப்பவும் வராது. ரெண்டு தலைமுறைக்கு வரும். அதுக்குமேல நான் சொல்ல மாட்டேன்."

இசக்கியம்மாள் யோசித்தார். ஊரில் என்ன சொல்லப்போகிறோம் என்ற கவலை முகத்தில் ஓடியது. "எப்பவும் வரும்னு சொல்லித்தான் பொண்ணு குடுத்தோம், மாப்பிள்ளை எடுத்தோம், வீடு கட்டினோம். சரி. ரெண்டு தலைமுறைன்னு தெரிஞ்சா அதுக்குள்ள பிள்ளைக ஒரு வழி பாத்துக்கும். தெரியாமத் தவிக்கிறதுக்கு இது தேவல."

ஆவுடையப்பன் கப்பல்காரர்களுக்குப் புதிய இடத்தைச் சொல்ல எழுந்து போனார். ஹெர்மினா படத்தின் தலைப்பில் இருந்த கர்வாலோ படுகை என்ற பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பேரை எடுத்துரு," என்றார். பெர்பெத்துவா தயங்கினாள். "எடு. உங்கப்பனுக்கு அவன் சொந்தப் பேரு போதும்."

ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் ஊர் கூடியபோது ஹெர்மினா செம்பை நீட்டிப் பிடித்தபடி தானே பேசினார். தன் தம்பி கஸ்பார் ஊரைக் காத்ததையும், அவர் கணக்கில் ஓரிடம் அளக்கப்படாமல் விடப்பட்டதையும், ஏன் விடப்பட்டது என்பதையும், அளந்த பிறகு தெரிந்ததையும் சொன்னார். குரல் எங்கும் தாழவில்லை. யாரையும் பழி சொல்லவில்லை, தன் தகப்பனார் உட்பட. கர்வாலோ வீடு பிணையிலிருந்து விலகுகிறது என்றார். மோத்தா வீடு நிற்கிறது என்று கொன்சித்தா சொன்னார். செம்பு கை மாறியது.

கொன்சித்தா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வெதுவெதுன்னு இருக்கு. இதையாடி இத்தனை வருஷமா அப்படி நிமிர்ந்து நின்னு குடிச்ச?"

"நிமிர்ந்து நின்னாத்தான் இறங்கும். குனிஞ்சு குடிச்சிராத, புரையேறும்."

பிணை வீடு என்று கர்வாலோ வீட்டுக் குழாயில் முன்பு முதலில் வந்த தண்ணீர், இப்போது தெருவில் எல்லோருக்கும் வரும் நேரத்தில்தான் வருகிறது. பாரில் போட்ட கிணறு நன்றாக ஓடுகிறது. தேரிக்காட்டில் குழாயைத் திருகினால் காற்று வருவதில்லை. புதிய படத்தின் கீழே, கணக்கு போட்டவர் பெர்பெத்துவா கர்வாலோ என்றும், பிணை மோத்தா குடும்பம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் சபைக் கூடத்துக்கு வருவதுண்டு.

ஹெர்மினா கர்வாலோ மோத்தா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அனுமதி கேட்டார்.